விரல் ஆசாரியும் சுற்றுக்கல் மோதிரமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். எழுதினால் என் சம்பந்தியம்மாள் கோபித்துக்கொள்வாள் என்பது ஒரு பயம். அம்மனே கோபித்துக்கொள்வாளோ என்பது அதைவிடப் பெரிய பயம். ஏனென்றால் பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊரான தோணிரேவிலும், தண்ணீருக்கு அந்தப் பக்கம் பசியாவரத்திலும் இந்தச் சங்கதி இன்றைக்கு ஓர் அற்புதமாக உலவிக்கொண்டிருக்கிறது. அம்மன் அருளால் ஒரு மோதிரம் தானாகவே வளர்ந்து பெரிதானதாம்.

நான் பக்தி உள்ளவன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன். அம்மன் நினைத்தால் மோதிரம் என்ன, ஏரியையே இழுத்துப் பெரிதாக்குவாள். ஆனால் அந்த மோதிரத்தைப் பெரிதாக்கியவர் பழவேற்காடு பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் விரல் ஆசாரி. அவர் செய்த வேலைக்கான பேரை அம்மனே கேட்டாலும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் அவள் சந்நிதியிலேயே பூக் கட்டிப் போட்டுக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் எழுதலாம், சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வெள்ளைதான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவை சிவப்பு வந்தது வாஸ்தவம். பொட்டலத்தை எடுக்கும்போது பூசாரி தும்மியதால் அதை நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

விரல் ஆசாரியைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்ளாத ஆள் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அதற்குக் காரணம் அவர் கடை. கடல் காற்று எந்நேரமும் விளக்கை அணைக்கும், பொன் துகளைப் பறக்கடிக்கும். அதனால் இரும்பு ஷட்டரை ஒரு கை நுழையும் அளவுக்கு விட்டு மீதியை இறக்கியே வைத்திருப்பார். உள்ளே அவர் பாட்டுக்கு உட்கார்ந்து நெருப்பை ஊதிக்கொண்டிருப்பார். நாம் வெளியே நின்று கையை உள்ளே நீட்ட வேண்டும். கையைப் பார்த்ததும் அவர் ஆளைச் சொல்லிவிடுவார். பேர் சொல்லமாட்டார். விரலுக்கு அவரே ஒரு பேர் வைத்திருப்பார். என் விரல்கள் நீளமாய் முட்டி முட்டியாய் இருக்கும். அதனால் நான் முருங்கக்கா. என் மகள் பவானியின் மோதிர விரலில் நண்டு கடித்த தழும்பு உண்டு. அவள் நண்டுக்கடி. எங்கள் ஊர்த் தலைவரின் விரல்களுக்கு அவர் வைத்திருக்கும் பேரைப் பத்திரிகையில் எழுத முடியாது.

முகம் தெரியாததால் வெளியே வந்தால் மனிதர் குருடர் மாதிரிதான். நான் எதிரே போய் "நமஸ்காரம் ஆசாரி" என்று கும்பிட்டால், கும்பிட்ட கையை உற்றுப் பார்த்துவிட்டு, "அட, முருங்கக்கா! எப்ப வந்தே?" என்பார். கையை லுங்கிக்குள் மறைத்துக்கொண்டு பேசினால் யாரோ என்னவோ என்று போய்க்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் பொன்னேரி பஸ்ஸில் மூச்சுவிட முடியாத கூட்டம். மேல் கம்பியைப் பிடித்திருந்த கைகளில் ஒன்றைக் கண்டதும் ஆசாரிக்கு ஒரே சந்தோஷம். எட்டிப் பிடித்துவிட்டார்.

"இன்னா நகச்சுத்தி, வெரலு ஆறிச்சா? நானே வந்து பாக்கணும்னு இருந்தேன்" என்று கட்டை விரலை ஓர் அமுக்கு அமுக்கினார்.

அது அவர் நினைத்த கோவிந்தம்மா இல்லை. ஊருக்குப் புதிதாய் வந்த ஒரு டீச்சரம்மா. அந்தப் பாவத்துக்கும் அதே விரலில் நகச்சுத்தி. பளார் என்று ஓர் அறை விழுந்தது. கண்டக்டர் விசில் ஊத மறந்தார். ஆசாரி கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"எம்மா, உன் மோதிரம் லூசா கீது. அடிக்கும்போதே சுத்துது. இப்பிடி இன்னும் ரெண்டு பேரை அடிச்சேன்னா எங்கனா தெறிச்சிப் பூடும். கடைக்கு வா, டைட் பண்ணித் தரேன்."

அந்த அம்மாள் போகத்தான் போனார். ஷட்டருக்குக் கீழே கையை நீட்டினார். உள்ளேயிருந்து, "வாம்மா, என்னை அடிச்ச கைதானே?" என்று ஆசாரி அன்பாக விசாரித்தாராம். விரலை வைத்து ஆளைத் தப்பாய்ச் சொன்னது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான், அதுவும் பஸ் ஆடினதால்தான் என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

தேர்தல் நாளில் ஓட்டுச் சாவடி வாசலில் நின்றுகொண்டு, போட்டுவிட்டு வருகிறவர்களின் விரலைப் பிடித்துப் பார்த்து, "யாரு இவ்ளோ கேவலமா மை வெச்சது? ஒயுங்கா ஒரு கோடு இழுக்கத் தெரியாதா?" என்று உள்ளேயிருந்த அதிகாரியோடு சண்டைக்குப் போனார். எந்தக் கட்சி என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, "அஞ்சு வெரலும் என் கட்சிதான்" என்று பதில் சொல்லி மேலும் சிக்கலில் மாட்டிக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் பெண்ணின் கல்யாணமே போய் நின்றது.

நாங்கள் ஏரியை நம்பிப் பிழைக்கிறவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவி இறால் பிடிக்கிற குடும்பம். பவானி ப்ளஸ் டூ முடித்தவள். ஆனால் ஏரிக்கு வராமல் இருக்கமாட்டாள். அவள் கை தடவினால் இறால் தானாக வந்து ஏறும். பெற்றவன் பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரே சொல்லும்.

பசியாவரத்திலிருந்து முருகேசன் என்ற பையனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். தங்கமான பையன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பவானிக்கும் அவனைப் பிடித்திருந்தது என்பது, அவன் பேரைச் சொன்னாலே அவள் சாம்பாரில் இரண்டாவது தடவை உப்புப் போட்டதிலிருந்து எனக்கும் என் மனைவி தனத்துக்கும் தெரிந்துபோனது. பையனுடைய அம்மா அஞ்சலையம்மாள்தான் கொஞ்சம் கெடுபிடி. மகன் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து, தான் ஏரித் தண்ணீரில் கால்கூட நனைத்ததில்லை என்பது போலப் பேசுவாள். வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்:

"எங்க வூட்டு மருமவ பறி கடிக்க மாட்டா. சேத்துல எறங்க மாட்டா. அத்த முன்னாடியே சொல்லிப்புடறேன்."

பவானி காப்பி டம்ளரைச் சத்தமாக வைத்தாள்.

முருகேசனுக்குச் சின்ன வயதில் கடுமையான காய்ச்சல் வந்து பிழைத்தபோது, அவன் பெண்டாட்டிக்குச் சுற்றிலும் சிவப்புக்கல் பதித்த மோதிரம் போடுவதாகப் பெரியபாளையத்து அம்மனிடம் அந்த அம்மாள் நேர்ந்துகொண்டாளாம். ஆடி மாசமே பவானியின் விரலில் மஞ்சள் நூலைச் சுற்றி அளவெடுத்தாள். பட்டணத்தில் பெரிய கடையில் செய்யச் சொல்லி, அம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்தாள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஊசிமுனை போக இடம் கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணைப் பறிக்கும்.

ஆவணியில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நிச்சயதார்த்தம். முருகேசன் மோதிரத்தை மாட்டினான். அது விரல் முட்டி வரைக்கும் வந்து நின்றது.

"மெதுவா தள்ளுப்பா" என்றேன்.

"தள்ளிகினுதான் கீறேன் மாமா."

தனம் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். யாரோ சோப்பு என்றார்கள், யாரோ ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்தார்கள். பவானியின் விரல் சிவந்து கல்லுக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. மோதிரம் மட்டும் நகரவில்லை.

முருகேசன் வேர்த்து வழிந்துகொண்டு, "கால் வெரல்ல போட்டா ஆவாதா?" என்றான்.

"மூக்குல வேணா போடேன்" என்றாள் பவானி.

பந்தலே சிரித்தது. அஞ்சலையம்மாள் சிரிக்கவில்லை. மோதிரத்தை உருவி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அம்மன் காலடியில வெச்சி எடுத்தது. ஏற மாட்டேன்னா அவளுக்கு இஷ்டமில்லைனு அர்த்தம். இத்த உருக்கவும் விட மாட்டேன், வேற வாங்கவும் மாட்டேன். தையில கல்யாணம். அதுக்குள்ள இந்த மோதிரம் இந்த வெரல்ல ஏறணும். ஏறலேன்னா தாலியும் ஏறாது."

அம்மன் பேரைச் சொன்னதால் நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை பவானி என்னோடு ஏரிக்கு வந்தாள். பறியைக் கடித்திருந்தால் பேச முடியாது, அழவும் முடியாது. கரை ஏறுகிற வரைக்கும் அவள் அதைப் பல்லிலிருந்து எடுக்கவே இல்லை. "கண்ணு, கொஞ்சம் ஒக்காரு" என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு இன்னும் ஆழத்துக்குப் போனாள்.

பொன்னேரியில் கேட்டோம், மோதிரம் செய்த கடையிலேயே போய்க் கேட்டோம். எல்லோரும் ஒரே பதில். சாதா மோதிரம் என்றால் அடியில் வெட்டி, ஒரு துண்டு வைத்து ஒட்டிப் பெரிதாக்கிவிடலாம். இதில் வெட்டுவதற்குக் கல் இல்லாத இடமே இல்லை. இழுத்து அகலப்படுத்தினால் கல்லெல்லாம் தெறித்துவிடும். உருக்கிப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். எதைச் செய்யக் கூடாது என்று அஞ்சலையம்மாள் சொன்னாளோ அதையே.

கடைசியில் நானும் பவானியும் அஞ்சலையம்மாளும் விரல் ஆசாரி கடைக்குப் போனோம். அவளைக் கூப்பிட்டது நான் இல்லை. மோதிரத்தைக் கண்ணை விட்டு அகலவிடமாட்டேன் என்று அவளே வந்தாள்.

பவானி கையை நீட்டினாள்.

"வா நண்டுக்கடி" என்றது உள்ளேயிருந்து குரல். நான் மோதிரத்தை நீட்டினேன். "முருங்கக்காவும் வந்திருக்கியா? குடு இப்பிடி." பவானியின் விரலில் அதை வைத்துப் பார்த்தார். பிறகு, "ஆவாது" என்றார்.

திருப்பி வாங்கக் கையை நீட்டினேன், அதற்குள் அவர் கேட்டார்:

"இந்த அளவு எப்ப எடுத்தது?"

"ஆடியில" என்றேன்.

"திருவிழாக் காப்புக் கட்டியிருந்தப்பவா?"

"ஆமா. அப்பத்தானே எல்லாரும் வூட்டுல இருப்பாங்க."

"புத்தி கீதா உங்களுக்கு? காப்பு அவுக்கற வரைக்கும் ஊர்ல ஒருத்தனும் ஏரியில எறங்க மாட்டான். தண்ணியே படாம கெடந்து வெரலு வத்திப் போயிருக்கும். அத்த அளவெடுத்தா அது நண்டுக்கடி வெரலா? ஏதோ பேங்க்ல ஒக்காந்து நோட்டு எண்றவ வெரலு. நானும் எப்பவும் சொல்லிகினு கீறேன், ஏரிக் கை வேற, வூட்டுக் கை வேறன்னு. எவன் கேக்கறான்?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அம்மனுக்கு இஷ்டமில்லாமல் இல்லை. அம்மன் திருவிழாவில் அளவெடுத்ததுதான் வினை.

அஞ்சலையம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "குடுய்யா மோதிரத்தை, உன் வேலையே வேணாம்" என்று ஷட்டருக்குக் கீழே கையை விட்டாள். ஆசாரி மோதிரத்தைக் கொடுக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு இது, புதுக் கை?" என்றவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "இல்லியே, பழங் கையாச்சே. பறி கடிச்சி வேல செஞ்சவங்க கை. சுண்டு வெரலைக் கெளுத்தி குத்தியிருக்கு, வளஞ்சி கெடக்கு பாரு. எறங்கித்தான் ரொம்ப நாளாச்சி போல."

"கதவுல நசுங்கிச்சி" என்றாள் அஞ்சலையம்மாள்.

"கதவு நசுக்கும்மா, குத்தாது."

பவானி வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஆசாரி அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. "இதுக்கு ஒரு வழி கீது. ரெண்டு கல்லுக்கு நடுவுல வெட்டி, வெறும் தங்கத்துல ஒரு துண்டு வெச்சி ஒட்டணும். அந்த எடத்துல மட்டும் கல்லு இருக்காது. சம்மதமா?"

"சுத்திக் கல்லுனு நேந்துகிட்டேன். நடுவுல பொக்க வாய் மாதிரி ஒரு சந்து விட்டா அவ ஏத்துக்குவாளா?" என்றாள் அஞ்சலையம்மாள்.

"அது உள்ளங்கைப் பக்கமா வரும். அங்க கல்லு இருந்தா இறாலுக்குக் கண்ணு கூசும், ஓடிப் பூடும்" என்றார் ஆசாரி.

"நான் அம்மனைக் கேக்கறேன், நீ இறாலைச் சொல்றே!"

அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து வார்த்தை வந்ததோ தெரியாது. அம்மன்தான் என் நாக்கில் வந்து உட்கார்ந்தாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். "சம்பந்தி, அம்மன் நமக்குக் காட்டிகினு இருக்கறதே உள்ளங்கைதானே? எத்தனை நகை போட்டாலும் அந்தக் கையில கல்லு ஒண்ணும் இல்லியே. வெறுங்கையாத்தானே கீது" என்றேன்.

அஞ்சலையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அது வாஸ்தவம்" என்றாள் மெதுவாக.

"முருங்கக்கா, நீ பேசுவியா?" என்று உள்ளேயிருந்து வியந்தார் ஆசாரி. "செரி, அளவு சொல்லுங்க. ஏரி வெரலுக்கா, வூட்டு வெரலுக்கா?"

"வூட்டு வெரலுக்கு" என்றாள் அஞ்சலையம்மாள்.

"ஏரி வெரலுக்கு" என்றாள் பவானி.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் சண்டை இதோ வந்துவிட்டது, அதுவும் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே என்று நான் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டேன்.

"கல்யாணம் ஆனா எதுக்குடி ஏரிக்குப் போவே? எம் புள்ள சம்பாரிக்கறான்."

"அவரு கம்பெனிக்குப் போகட்டும் அத்த, வேணாங்கல. நான் ஏரிக்குப் போவேன். எனக்கு அது புடிக்கும். போகக் கூடாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"நைனா கிட்ட பேசற மாதிரி எங்கிட்ட பேசாதே."

"எங்க நைனா கிட்ட இவ்ளோ மரியாதையா பேச மாட்டேன்."

அதுவும் வாஸ்தவம்தான்.

"சண்டையை அப்பால வெச்சிக்கங்க" என்று குறுக்கிட்டார் ஆசாரி. "மொதல்ல எனக்குச் சேறு வோணும். நெருப்புல காட்டினா கல்லு வெடிக்கும். வெட்டற எடத்து ஓரமா இருக்கற கல்லைக் கழட்டிடுவேன். மத்ததை ஈரச் சேத்துல பொதச்சி வெச்சிதான் ஊதணும். மணலு, கிளிஞ்சல் ஒண்ணும் கூடாது. வெண்ணெ மாதிரி இருக்கணும்."

நான் ஓடினேன். ஏரி பக்கத்தில்தான். ஒரு இலை நிறையச் சேற்றை அள்ளி வந்து நீட்டினேன். ஆசாரி இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"முருங்கக்கா, இது சேறா, பொரிகடலையா?"

அஞ்சலையம்மாளும் அதைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "சீ, கரையோரத்துச் சேறு. காலு பொதையற எடத்துல, ஒரு முழம் உள்ள கையை விட்டு எடுத்தாதானே வழவழன்னு வரும்? இதுகூடவா தெரியாது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவளையே பார்த்தோம். ஷட்டருக்குக் கீழேயிருந்து ஆசாரியின் விரல் ஒன்று நீண்டு ஏரிப் பக்கமாகக் காட்டியது.

"தெரிஞ்சவங்க கொண்டாரலாமே" என்றார்.

அஞ்சலையம்மாள் என்னை முறைத்தாள். நான் என்ன செய்தேன்? பிறகு விடுவிடு என்று ஏரியைப் பார்த்து நடந்தாள். கரையில் செருப்பை உதறிவிட்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கட்டியிருந்த புடவையை வரிந்து செருகிக்கொண்டு இறங்கினாள். "வழுக்கும் அத்த, இருங்க" என்று பவானியும் பின்னாலேயே இறங்கினாள். நான் இரண்டு ஜோடிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன்.

இடுப்பளவு தண்ணீரில் போய் அஞ்சலையம்மாள் குனிந்தாள். முகத்தை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு, இரண்டு கையும் அடியில் வேலை செய்ய, தவழ்கிற மாதிரி நகர்ந்தாள். புதிதாக இறங்குகிறவர்களுக்கு அந்தச் சாய்மானம் வராது. நிமிர்ந்தபோது வலது கையில் கருகருவென்று சேறு. இடது கையில் துள்ளத் துள்ள ஓர் இறால். அந்தக் கை அவளைக் கேட்காமலே வாய்ப் பக்கம் போனது. அங்கே பறி இல்லை. திகைத்து நின்றாள். பிறகு முந்தானையை இழுத்து அதில் முடிந்துகொண்டாள்.

"சேறு போதும் அத்த, வாங்க" என்றாள் பவானி.

"இருடி, இன்னொண்ணு கால்ல தட்டுது."

அதன் பிறகு அவர்கள் கரை ஏறுவதாக இல்லை. "இந்தப் பக்கம் வா", "அங்க பள்ளம் அத்த", "போடி, இந்த ஏரியில எனக்கா பள்ளம் காட்டறே" என்று ஒரே பேச்சு. நடுவில் எதற்கோ இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஒரு நாரை பறந்து போனது. ஆசாரி சேற்றுக்காகக் காத்திருப்பதை நான் கரையிலிருந்து கத்திச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். முந்தானை மூட்டையில் ஒரு குழம்புக்குக் காணும் இறால். அஞ்சலையம்மாள் சேற்றை உள்ளே நீட்டினாள். அதோடு பவானியின் ஈரக் கையையும் பிடித்து உள்ளே விட்டாள்.

"இதுக்கே அளவெடு. ஏரி வெரலுக்கே போடு" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "முருகேசன் அப்பாகிட்ட இத்த சொன்னீங்கன்னா நடக்கறதே வேற" என்றாள். பவானியின் கையை மட்டும் அவள் விடவில்லை.

ஷட்டர் முழுதாக இறங்கியது. உள்ளே ஊதும் சத்தம். நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். நான் எனக்குத் தெரிந்த அம்மன் பேர்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று உள்ளே 'டப்' என்று ஏதோ வெடித்தது. அஞ்சலையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பவானி ஷட்டரைத் தட்டினாள்.

"மாமா! கல்லா?"

உள்ளே ஊதும் சத்தம்தான் கேட்டது. எனக்குத் தெரிந்த பேர்கள் தீர்ந்துபோனதால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கடைசியில் ஷட்டர் ஒரு கை அளவுக்கு உயர்ந்தது.

"கெளுத்தியம்மா, உன் சேத்துலயும் ஒரு பொடிக் கிளிஞ்சல் கீது. வயசாயிடுச்சி உனக்கு" என்றார் ஆசாரி. வெடித்தது அந்தக் கிளிஞ்சல்தான், கல் இல்லை. கழற்றிய கற்களைத் திரும்பப் பதித்து, வளைவு மாறியதால் ஆட்டம் கண்ட கற்களையெல்லாம் ஊசியால் நெருக்கி, மோதிரத்தைக் காதோரம் வைத்து ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். தனக்கு ஒரு பேர் கிடைத்ததில் சம்பந்தியம்மாளுக்குக் கோபமா சந்தோஷமா என்று எனக்குப் புரியவில்லை.

தையில் கல்யாணம். ஆசாரி முதல் வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் விரலையெல்லாம் மேய்ந்துகொண்டிருந்தார். முருகேசன் மோதிரத்தை மாட்டினான். முட்டியில் ஒரு நொடி நின்றது. என் உயிரும் நின்றது. பிறகு வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. பந்தக்கால் நட்டதிலிருந்து ஏரிக்குப் போகாத விரல் இல்லையா, கொஞ்சம் தாராளமாகவே சுற்றியது. கல் இல்லாத அந்தத் துண்டு மேலே வந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் அஞ்சலையம்மாள் தன் வளைந்த சுண்டு விரலால் அதை ஒரு தட்டுத் தட்டி உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிட்டாள். மேளம் முழங்கியது. தாலியும் ஏறியது.

அதுவரை விரலையே பார்த்துக்கொண்டிருந்த ஆசாரி அப்போது மெதுவாகத் தலையைத் தூக்கினார். என் பெண்ணின் முகத்தை முதல் முதலாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நண்டுக்கடி, இதான் உன் மூஞ்சியா?" என்றார். "பரவால்ல. வெரலு அளவுக்கு இல்லேன்னாலும் நல்லாத்தான் கீது."

"உங்க மூஞ்சிக்கு நீங்க ஷட்டரை எறக்கி வெச்சிருக்கறதுதான் நல்லது மாமா" என்றாள் பவானி. சொல்லும்போதே அழுதாள். அவர் லுங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடல் காற்று என்றார். பந்தலுக்குள் ஒரு பொட்டுக் காற்று கிடையாது.

இதுதான் நடந்தது. மோதிரம் தானாக வளர்ந்த கதை, சேற்றில் இறங்கியதை வெளியே சொல்ல முடியாமல் சம்பந்தியம்மாள் பரப்பிவிட்டது. இப்போதெல்லாம் அவள் மருமகளோடு 'சும்மா துணைக்கு' ஏரிக்குப் போகிறாள். துணைக்குப் போகிறவள் எதற்கு இரண்டாவது பறி எடுத்துப் போகிறாள் என்று நான் கேட்டதில்லை. மோதிரத்தை வளர்த்துத் தரச்சொல்லிக் கோயிலுக்கு வருகிறவர்களைப் பூசாரி நைசாக ஷட்டர் கடைக்கு அனுப்பிவிடுகிறார்.

நானும் பழவேற்காட்டுக்குப் போகிற நாளெல்லாம் அந்தக் கடை வாசலில் ஒரு நிமிஷம் நிற்கிறேன். என்னிடம் மோதிரமும் கிடையாது, எனக்கு அங்கே வேலையும் கிடையாது. ஆனாலும் கையை உள்ளே நீட்டுவேன். அவர் ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்ப்பார். "இன்னா முருங்கக்கா, தண்ணி ஜில்லுனு இருந்திச்சா இன்னிக்கி? பாத்துப் போ" என்பார். அவ்வளவுதான்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள், அம்மனுக்கு அது போதும். அறை வாங்கியதையும், சேற்றையும், அந்தப் பொடிக் கிளிஞ்சலையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வேலையும் இல்லாமல் நான் போய்க் கையை நீட்டிவிட்டு வருகிறேனே, அதையும்.